செம்மொழி அடக்கிய புளோயர்

இருபத்தைந்து வருடமாக நெல் காயவைக்கிறவன் நான். ஒரு நெல்லை வாயில் போட்டுக் கடித்தால் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட இந்தக் காத்தான் இருக்கிற மில்லில், நெல்லுக்குச் சூடான காற்றை ஊதும் புளோயரின் வேகத்தை இனி ஒரு பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று ஒரு பெண் வந்து சொன்னால் எரிச்சல் வராதா?

அவள் பெயர் செம்மொழி. மன்னார்குடிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பாலிடெக்னிக் முடித்து, கூத்தாநல்லூரில் கல்யாண மண்டப ஏசிகளைப் பழுது பார்த்தவள், தனியாக எடுத்த முதல் பெரிய வேலை எங்கள் டிரையர். சூடான காற்று போகும் குழாயில் ஒரு சென்சார் வைத்தாள். அதற்கு இரண்டு வாய். ஒன்றில் குழாய்க்காற்று, மற்றது வெளிக்காற்றுக்குத் திறந்தே இருக்கும். அழுத்தத்தைச் சென்சார் சொல்ல, டிரைவ் பெட்டி வேகத்தை ஏற்றி இறக்கும். நாலு நாள் உட்கார்ந்து பெட்டியின் செட்டிங் எண்களைத் திருத்தினாள். ஒரு மாதம் நெல் ஒரே சீராகக் காய்ந்தது. ஒப்புக்கொள்ள எனக்குத்தான் மனசில்லை.

ஆயுத பூஜை முடிந்து மில்லைத் திறந்த அன்று வந்தது வினை. புளோயர் உறுமி ஏறும், சோர்ந்து இறங்கும், மறுபடி உறுமும். வெளியே மழை. ஈரக் குறுவை நெல் லாரிகளில் சூடேறிக்கொண்டிருந்தது. முதலாளி தியாகேசன் அவளை வரவழைத்துக் கத்தினார்.

"நாலு மணிக்குள்ள சரியாகலன்னா பொட்டியக் கழட்டிட்டு பழைய ஸ்டார்ட்டரையே மாட்டிடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வராதீங்க!"

"கழட்ட வேண்டியதிருக்காது சார்" என்றாள். குரல் நடுங்கவில்லை.

எண்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள், அடங்கவில்லை. "யாரு செட்டிங்கைத் தொட்டது?" என்று எங்களைக் காய்ச்சி எடுத்தாள். மணி மூன்று.

"போதும்மா, விட்டுடுங்க" என்றேன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே!"

பெட்டி தானாக மாற்றாதபடி டிரைவை மேனுவலில் போட்டு, வேகத்தை ஒரே அளவில் நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தாள். பெட்டியை வைத்த நாளில் எழுதிய நோட்டைப் புரட்டினாள்.

"அன்னிக்கு நாலு செகண்ட்ல அழுத்தம் வந்து நின்னுச்சு. இன்னிக்கு ஒரு நிமிஷம் ஆகுதுண்ணே. செட்டிங்ல குத்தமில்ல, சேதிதான் லேட்டா வருது. அது வர்றதுக்குள்ள பொட்டி வேகத்த ஓவரா ஏத்திடுது, ஓவரா இறக்கிடுது."

ஏணியில் ஏறினாள். சென்சாரின் திறந்த வாயில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். காற்று போய்வர ஊசி முனை அளவுக்குத்தான் வழி இருந்தது. அவள் முகம் செத்துப்போயிற்று.

"நாந்தாண்ணே வெச்சேன். என் மெஷினாச்சேன்னு ஆசையா வெச்சேன்."

ஐயோ பாவமே! பூஜைக்கு வந்திருந்தவள் கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தவனே நான்தான். அதுவரை இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதோ.

"பொட்டு யார் வெச்சான்னு யாருக்கும்மா தெரியும்? சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தாள். புளோயர் ஏறியது, நின்றது, அப்படியே ஓடியது. மணி நாலு அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நேரே முதலாளியிடம் போய், "தப்பு என்னுது சார்" என்று நடந்ததைச் சொன்னாள்.

அவர் சீராக ஓடும் புளோயரைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷமும் நீங்களே வந்து பொட்டு வைங்க. எங்க வைக்கக்கூடாதுன்னு உங்களைவிட யாருக்கும்மா தெரியும்?"

அவள் அப்போதுதான் அழுதாள். நான் முதல் லாரியை உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினேன்.