பிளேட்டின் பின்பக்கம்

1. ஒரு நிமிஷ வேலை

ஸ்டெல்லா டீச்சர் முதன்முதலாக என் பட்டறைக்கு வந்தபோது நான் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சட்னிக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அவர் கொண்டுவந்த கிட்டாரைத் திருப்பிப் பார்த்து, ஒரு நிமிஷத்தில் அதன் வயதைச் சொன்னேன். அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு குடும்பம் இரண்டாகப் போனது. எலெக்ட்ரிக் கிட்டார் ரிப்பேரிலேயே தலை நரைத்தவன் நான். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். பெருமை அடித்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

தொம்மலூரில் என் பட்டறை இரண்டு அறை. அந்தப் பக்கம் 'கிட்டாருக்கு வயசு சொல்றவர்' என்றுதான் என்னைக் கேட்டு வருவார்கள். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் ஆன்லைனில் பழைய கிட்டார் வாங்கிவிட்டு ஓடி வருவார்கள். சீரியல் நம்பரைப் பார்த்து மாதமும் வருஷமும் சொல்லி, லெட்டர்ஹெட்டில் எழுதி, ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பேன். அந்த ஸ்டாம்பால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ரகக் கிட்டாரில் உடம்பு தனி, கழுத்து தனி. உடம்பில் ஒரு பள்ளம் இருக்கும். கழுத்தின் அடிக்கட்டை அதில் உட்காரும். பின்பக்கம் ஒரு சின்ன இரும்பு பிளேட் வைத்து நாலு ஸ்க்ரூவால் இரண்டையும் முடுக்கியிருப்பார்கள். நம்பர் அந்தப் பிளேட்டின் மேல் குத்தியிருக்கும். டீச்சர் கொண்டுவந்தது ஒரு ஜப்பான் கம்பெனி கிட்டார். அந்தக் கம்பெனியின் பழைய கணக்குப்படி முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு எண் வருஷம். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, அப்படியே போகும்.

"பிரதர், இது என் ஹஸ்பண்ட் ஸ்டீபனோடது" என்றார் டீச்சர். "எங்க கல்யாணம் எண்பத்திரண்டுல. அந்த வருஷம்தான் அவரோட மாமா துபாய்லருந்து கொண்டாந்தாரு. அவரு தவறினப்புறம் கொழுந்தனாரு சேவியர்தான் வச்சிருந்து கோயில்ல வாசிச்சாரு, இப்பத்தான் திருப்பிக் குடுத்தாரு. இப்ப எங்க ஜெனிக்குக் கல்யாணம். அப்பா கிட்டாரு எனக்குத்தான்னுட்டா. வருஷத்தை அழகா எழுதிக் குடுங்க. ஃப்ரேம் போட்டுக் கூடவே குடுக்கணும்."

பிளேட்டைப் பார்த்தேன். சி, எட்டு, ஆறு. எண்பத்தாறு மார்ச்.

"எண்பத்திரண்டா? அப்ப இது எங்கயாவது மரமா நின்னுட்டு இருந்திருக்கும் மேடம்" என்று சொல்லிச் சிரித்தேன். எனக்கு வாய் நீளம். அவர் சிரிக்கவில்லை.

"அப்போ இது அவரோடது இல்லையா?"

"யார் கையிலயாவது மாறியிருக்கும்."

யார் கை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கிட்டார் ஸ்டீபனை விட்டால் சேவியரிடம்தான் இருந்தது. எண்பத்தாறு மார்ச் என்று எழுதி, ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தேன். பேப்பரை ஹேண்ட்பேகில் வைத்த டீச்சர், கிட்டாரை எடுக்க மறந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மீதி இட்லியைச் சாப்பிடப் போனேன்.

2. சேவியர் கேட்டது

நாலைந்து நாள் கழித்து சேவியர் வந்தார். பொம்மனஹள்ளியில் ஒரு ஃபேக்டரியில் லேத் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார், சட்டையில் மெஷின் கூலன்ட் எண்ணெய் வாடை. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு வாரம் வாசித்தாகிவிட்டது. அப்பா இல்லாத பெண்ணைக் கைப்பிடித்துப் பீடம் வரை கூட்டிப்போக வேண்டியவர் இந்தச் சித்தப்பாதான்.

"மாஸ்டர், அண்ணி என்னை வீட்டுக்குள்ளயே விடல. ஒரிஜினலை வித்துட்டு வேற ஒண்ணைக் கொண்டாந்து வச்சிட்டேன்றாங்க. அண்ணன் கிட்டாரை நான் விப்பனா? அதுல இருக்கற ஒவ்வொரு கீறலும் எனக்குத் தெரியும்."

"கீறலைப் பாத்து வருஷம் சொல்ல முடியாது" என்றேன்.

"கழுத்தைக் கழட்டிப் பாத்தீங்களா மாஸ்டர்? உள்ள ஏதாச்சும் போட்டிருப்பாங்களே?"

லேத் ஓட்டுகிறவர் எனக்கு வேலை சொல்லித் தருகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "தேவையில்ல" என்றேன்.

அவர் விடவில்லை. "ரொம்ப வருஷம் முன்ன அண்ணன் இதை சிவாஜிநகர்ல ஒரு கடையில குடுத்து இரும்புக்கெல்லாம் குரோம் முலாம் போட்டாரு. அங்க ஏதாச்சும் மாறியிருக்குமா?"

எந்தக் கடை என்று கேட்டேன். சொன்னார். நான் வேலை பழகி, பதினாறு வருஷம் இருந்த கடை. எனக்கு மூக்கு நுனிக்கு வந்துவிட்டது கோபம். "அது எங்க கடை. எங்க கடையில பொருள் மாறாது. வேற வேலை இருக்கு எனக்கு, கிளம்புங்க."

"அண்ணிக்கு ஒரு போன் பண்ணி, சந்தேகமா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க மாஸ்டர். அது போதும்."

"நம்பர் பொய் சொல்லாதுங்க."

அவர் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கல்யாணம் நடந்தது. பெண்ணின் கையைப் பிடித்து நடந்தது தாய்மாமா. சேவியர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை, அவர்களுக்குப் பத்திரிகையே வைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வருஷமே சேவியர் மாரடைப்பில் போய்விட்டார். கேட்டதும் ஐயோ என்று இருந்தது. ஆனால் அன்று டேபிளில் மூன்று கிட்டார் காத்திருந்தன. மத்தியானத்துக்குள் மறந்துவிட்டேன்.

3. நாலு ஸ்க்ரூ

போன வருஷம் டீச்சர் அதே கிட்டாரோடு வந்தார். யாருடையதோ என்று கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தார்களாம். ஜெனியின் பையன் அதை இழுத்து எடுத்து, வாசிக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். கழுத்து வளைந்து, கம்பி எல்லாம் தூக்கிக்கொண்டிருந்தது. கழற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது. வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

நாலு ஸ்க்ரூவையும் எடுத்துக் கழுத்தைத் தூக்கினேன். அடிக்கட்டையில் ஃபேக்டரி ரப்பர் ஸ்டாம்ப், நீல மையில். எண்பத்தொன்று, நவம்பர். உடம்பின் பள்ளத்திலும் அதே மை, அதே தேதி. கழுத்தை மாற்றிய தடயம் எதுவும் இல்லை. இரண்டும் பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்தவை.

பிளேட்டைத் திருப்பினேன். பின்பக்கம் கம்பியால் கீறிய ஓர் எழுத்து இருந்தது. 'ரா'. துணைக்காலை இழுத்து, கடைசியில் ஒரு சுழி. அது என் கையெழுத்து.

எங்கள் கடையில் அப்போது ஒரு வழக்கம். வியர்வை பட்டுப் புள்ளி விழுந்த பிளேட்டுகளை மொத்தமாகச் சேர்த்து குரோம் முலாம் போடும் பட்டறைக்கு அனுப்புவோம். எது யாருடையது என்று தெரிய, வெளியே தெரியாத பின்பக்கத்தில் வாடிக்கையாளர் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைப்பது என் வேலை. திரும்பி வந்ததும் எழுத்தைப் பார்த்து மாட்ட வேண்டும். ராபர்ட் என்று ஒருவர் ஹோட்டல் பேண்டில் வாசித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் இதே கம்பெனி, இதே மாடல், இதே நிறம். கிறிஸ்துமஸ் நேரம், கடை நிறைய ஆள். நியூஸ்பேப்பரில் சுற்றி வந்த பிளேட்டுகள் பளபளவென்று இருந்தன. நான் முன்பக்கத்துப் பளபளப்பைத்தான் பார்த்திருக்கிறேன். ராபர்ட் அடுத்த வருஷமே வெளிநாடு போய்விட்டார். ஸ்டீபனின் பிளேட் இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ.

சேவியர் கடைப் பெயர் முதற்கொண்டு சொல்லிக் கேட்டார். மாற்றியவனிடமே வந்து, மாறியிருக்குமா என்று கேட்டார். நான் அவரைத் துரத்தினேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். வெளியே ஆட்டோக்காரர் யாரோ எட்டிப் பார்த்து, "ஏனாய்து சார்?" என்று கேட்டார். என்ன ஆயிற்று என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

டீச்சரை வரவழைத்து எல்லாவற்றையும் காட்டினேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீல மையின் மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதைக் கழட்ட எவ்ளோ நேரமாச்சு பிரதர்?"

"அஞ்சு நிமிஷம் மேடம்."

"அஞ்சு நிமிஷம்" என்று அவரும் சொன்னார். பிறகு, "வாசல்ல நின்னு, 'அண்ணி, அண்ணி'ன்னு கெஞ்சினாரு. நான் உங்க பேப்பரை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டினேன்" என்றார்.

4. பொம்மனஹள்ளி

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் சேவியர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி லூர்து மேரி கதவைத் திறந்தார். டீச்சரைப் பார்த்து முகம் இறுகியது. ஆனாலும் நாற்காலி போட்டார். நான் கழுத்தையும் பிளேட்டையும் வைத்து, நடந்ததைச் சொன்னேன். என் தப்பு என்பதை முதலில் சொன்னேன்.

"அவரும் இதையேதான் சொல்லிட்டு இருந்தாரு" என்றார் மேரி கடைசியில். "கடையிலதான் மாறியிருக்கும் மேரி, கடையிலதான் மாறியிருக்கும்னு."

எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். கருநீலக் கோட் ஒன்று பிளாஸ்டிக் உறையோடு தொங்கியது. "ஜெனி கல்யாணத்துக்குன்னு தைச்சாரு. அடக்கத்தன்னிக்கு இதைப் போடுங்கன்னாங்க. நான் விடல. அந்தப் புள்ளையக் கூட்டிட்டுப் போகத் தைச்ச கோட்டு. அதுக்கே போட விடல, பொட்டிக்குள்ள எதுக்குன்னுட்டேன்."

டீச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னால் இரண்டு பேர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

"அன்னிக்கு ஸ்டாம்பு வச்சுப் பேப்பர் குடுத்தீங்கல்ல?" என்று என்னிடம் கேட்டார் மேரி. "இதையும் அதே மாரி எழுதிக் குடுங்க."

பையில் லெட்டர்ஹெட்டும் ஸ்டாம்பும் இருந்தன. எழுதினேன். 'சேவியர் திருப்பிக் கொடுத்தது அவருடைய அண்ணன் ஸ்டீபனின் கிட்டார்தான். பிளேட்டை மாற்றி மாட்டியவன் நான்.' கையெழுத்துப் போட்டு ஸ்டாம்ப் குத்தினேன். மேரி அதை எழுத்துக் கூட்டிப் படித்து, நாலாக மடித்து, கோட்டின் உள்பாக்கெட்டில் வைத்து பீரோவைச் சாத்தினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பிளேட்டில் இருப்பது பிளேட்டின் வயது. கிட்டாரின் வயது உள்ளே இருக்கிறது. நாலு ஸ்க்ரூ கழற்றாமல் வாயைத் திறக்காதீர்கள். எவ்வளவு அவசரம் என்று சொல்லி வந்தாலும் இப்போது நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "அஞ்சு நிமிஷம் உட்காருங்க" என்கிறேன். அந்த ஸ்டூல் அன்றும் அங்கேதான் இருந்தது. சேவியர் கடைசி வரை நின்றுகொண்டேதான் பேசினார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.