ஊத்துக்கோட்டைப் பாலம் வரை ஒரு ரெட்டை சைக்கிள்

சைக்கிள் சங்கிலிக்குச் சுறா எண்ணெய் போட்டால் என்ன நாற்றம் அடிக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்கு நன்றாகத் தெரியும். படகுப் பலகைக்குப் பூசுகிற எண்ணெயையே எங்கள் நைனா சைக்கிளுக்கும் பூசி வைத்ததால், அது தெருவில் இறங்கினாலே குப்பத்துப் பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவரும். இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல், இரண்டு கைப்பிடி கொண்ட அந்த வண்டிக்கு எங்கள் குப்பத்தில் 'ரெட்டை சைக்கிள்' என்று பெயர்.

பழவேற்காட்டில் இருக்கும் டச்சுக்காரர்களின் பழைய கல்லறையைப் பார்க்க அந்த நாட்டுக்காரர்கள் அவ்வப்போது வருவதுண்டு. அப்படி வந்த ஒரு புருஷன் பெண்டாட்டிதான் அதை மிதித்துக்கொண்டு வந்தார்கள். ஆந்திர மலையில் ஆரணியாறு புறப்படுகிற இடத்திலிருந்து ஆற்றோரமாகவே, அது ஏரியில் கலக்கும் எங்கள் ஊர்வரை வந்திருந்தார்கள். நைனாதான் அவர்களைப் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக்காட்டினார். அந்த மனிதருக்கு முழங்கால் வீங்கி, இனி மிதிக்க முடியாது என்று ஆனபோது, சைக்கிளை நைனாவுக்கே கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்கள். போவதற்கு முன்னால் அந்தம்மா மணலில் விரலால் ஆற்றை வரைந்து, வழியில் தங்கிய ஊர்களின் பெயர்களைத் தப்பும் தவறுமாகச் சொன்னாள். அதில் என் அம்மா பிறந்த ஊரும் இருந்தது. அங்கே ஒரு கிணற்றடியில் தண்ணீர் வாங்கிக் குடித்தாளாம்.

"எங்கிருந்தோ வந்தவ எங்கூரு தண்ணிய குடிச்சிட்டா. பொறந்தவ நானு, எட்டிக்கூட பாக்கல," என்றாள் அம்மா.

அம்மா ஊத்துக்கோட்டைக்கு அப்பால் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். கருவாடு விற்கப் போன நைனாவுடன் கிளம்பி வந்துவிட்டவள். தாத்தா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒருமுறை அம்மா தனியாக பஸ் ஏறிப் போய், ஊத்துக்கோட்டையிலேயே இறங்கி, தைரியம் வராமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறாள். நைனாவைக் கூப்பிட்டால் அவருக்கு உடனே வலை கிழிந்திருக்கும், படகு ஒழுகும். ரெட்டை சைக்கிள் வந்ததும், அதிலேயே ஊருக்குப் போகலாம் என்று அம்மா பிடித்துக்கொண்டாள். அதில் ஒருவர் போய் ஒருவர் நழுவ வழியில்லை அல்லவா.

தை மாதத்தில் ஒரு விடியலில் என்னை அத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பெண்பிள்ளை பெடல் மிதிப்பதைப் பார்த்து, "இன்னாடி இது கூத்து" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். பிற்பாடு அம்மா அந்தப் பயணத்தைச் சொல்லும்போதெல்லாம் முகமே மாறிவிடும். மழை முடிந்து ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். பொன்னேரி தாண்டியதும் இருபக்கமும் கதிர் முற்றிய வயல். களத்துமேட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு கூடவே ஓடிவந்தார்களாம். பெரியபாளையத்தில் அம்மனைக் கும்பிட்டு அங்கேயே படுத்தெழுந்து, மறுநாள் முற்பகலில் ஊத்துக்கோட்டைப் பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

பாலத்தருகே டீ குடிக்கும்போது நைனா விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடத்தில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை கட்டிவிட முடியாது. குப்பத்தார் முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். ஒருவர் தன் பாட்டைத் தவறவிட்டால் எல்லோருடையதும் முடிந்து மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

"நாளைக்கு நம்ம பாடு. வுட்டா ஒரு சுத்தே போயிடும். அடுத்த வாட்டி வரலாம்," என்றார் நைனா.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே," என்றாள் அம்மா.

நைனா முன் கைப்பிடியைத் திருப்பினார். அந்த வண்டியில் பின் கைப்பிடி பிடித்துக்கொள்வதற்குத்தான், அது திரும்பாது. பாடா, மாமனார் முகமா, அவர் எதற்குப் பயந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்றே பொழுது சாயும் நேரத்தில் குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. காலையிலேயே குப்பத்தில் ஒரு பெரியவர் போய்விட்டார். சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் இறங்கமாட்டார்கள். எல்லோருடைய பாடும் ஒரு நாள் தள்ளிப்போய்விடும். நைனா அவசர அவசரமாகத் திரும்பி வந்தது ஒன்றுமில்லாமல் போயிற்று. அம்மா நேராகச் சாவு வீட்டுக்குப் போய், கதறிக் கதறி அழுதாள். ஒட்டா உறவா, இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். வாசலில் நின்ற எனக்கும் அன்று புரியவில்லை.

அடுத்த வாட்டி வரவே இல்லை. அந்த ஆடியில் தாத்தா இறந்த செய்தி வந்தது. பஸ்ஸில் நாங்கள் போய் இறங்குவதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். மாமா அம்மாவைத் திட்டவில்லை. "ஒரு மீன்காரனும் பொண்டாட்டியும் ரெட்டை சைக்கிள்ல வராங்கன்னு பஸ்காரன் சொல்லிட்டுப் போனான். அப்பா அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ரோட்டோரமே ஒக்காந்திருந்தாரு," என்று மட்டும் சொன்னார்.

நைனா அதற்குப் பிறகு அந்தச் சைக்கிளில் ஏறவில்லை. உப்புக்காற்று அதை அரித்துத் தின்று தீர்த்தது. இன்று நைனாவும் இல்லை. அவர் மாய்ந்து மாய்ந்து எண்ணிய பாட்டில் முன்போல இறாலும் விழுவதில்லை. குப்பத்துப் பையன்கள் பாதிப்பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறார்கள்.

போன தையில் அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு அதே வழியில் போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள், ஊத்துக்கோட்டைப் பாலம் வந்ததும் என் கையைத் தொட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானேம்மா," என்றேன்.

"அங்க ரோட்டுல யாரு ஒக்காந்திருக்கா?" என்றாள்.

நான் திருப்பினேன்.