தட்டுக்குச் செய்த கருமாதி

பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் ரேடியோ பாடுகிறது. பாடுகிறவர் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று என்று அதிலேயே சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுகிறார்கள். கேட்கிறவன் ஒருவனாவது எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறானா என்று பார்க்கிறேன். இல்லை. டீயை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டுகிறான். எனக்கு வயிறு எரிகிறது. இதே காரியத்துக்காக என் மீசையை எடுத்த ஊர் இது.

அந்தக் காலத்தில் மலையில் உங்களுக்கு என்ன பொழுதுபோக்கு இருந்திருக்கும், பாவம் என்று கீழேயிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். பாவமாம். ஒரு மாதம் நாங்கள் எப்படி இருந்தோம் என்று எழுதுகிறேன். பிறகு யார் பாவம் என்று சொல்லட்டும்.

நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் படித்தவனில்லை. அப்பனும் ஆத்தாளும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. தங்கச்சிக்குப் பல் முளைத்து முடியவில்லை. ஊரான் மிளகு மூட்டையைத் தலையில் வைத்து மூங்கில் காட்டு வழியே அடிவாரத்துக்கு இறக்கினேன். கூலி மூட்டை தூக்கின அதே தலை, பிறகு சொந்த மூட்டையைத் தூக்கியது. அதற்கும் பிறகு என் மூட்டையைத் தூக்க நாலு பொதிக்கழுதை வந்தது. யாரும் கைகொடுக்கவில்லை. கொடுத்ததாக இன்றைக்கு ஏழெட்டுப் பேர் சொல்லிக்கொள்கிறார்கள், அத்தனையும் பொய். மீசையும் அப்படித்தான், நானே வளர்த்தது. மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; எங்கள் ஆலத்தூர் நாட்டில் அப்படி ஒரு மீசை அப்போது கிடையாது. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். ஆனால் அவனுக்கு எங்கள் மலையேற மூச்சு போதாது. சித்திரை மாதம் மிளகு இறங்கிவிடும், சாமை விதைக்க மழை வராது. செய்ய வேலை கிடையாது. காலையில் ஓடைக்குப் போய்க் கல்லைப் புரட்டி நண்டு பிடிப்போம். விரலை விட்டுப் பிடிக்கிறவன் ஆண்பிள்ளை, குச்சியை விட்டுப் பிடிக்கிறவனை ஒரு மாதம் கேலி பேசுவோம். நான் விரல்தான். வெயில் ஏறினால் பலா மரத்து நிழலில் ஆடுபுலி. சாயங்காலம் ஊர்க்கவுண்டர் வாசலில் வெற்றிலை. ஊர் வழக்கைத் தீர்ப்பவர் அவர். வெற்றிலை நம்முடையது, பேச்சு மட்டும் அவருடையது. அவருடைய பாட்டன் புலியைக் கொன்ற கதையை எத்தனை தரம் கேட்பது? ஒவ்வொரு தரமும் புலி வளர்ந்துகொண்டே வந்தது. ஆனாலும் ஊரே போய் உட்கார்ந்திருந்தது, போக வேறு இடமில்லை.

அந்த இடத்தை நான் உண்டாக்கினேன். அதுதான் என் குற்றம் அவர்களுக்கு.

அந்த வருஷம் மிளகு வாங்குகிற அடிவாரத்து ராவுத்தர் கடையில் பாட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. அவர் சாவி கொடுத்து, தட்டின் மேல் ஊசியை வைத்ததும் ஒரு மனுஷன் உள்ளேயிருந்து பாடினான். நான் மிளகைப் போட்டுவிட்டு, பணத்துக்குப் பதிலாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். கழுதையின் மேல் ஏற்றவில்லை. என் தலையில் வைத்து மலையேறினேன். தட்டைத் துண்டில் சுற்றி வயிற்றோடு கட்டியிருந்தேன். ஒரே தட்டு. ஒரு பக்கம் முருகன் மேல் பாட்டு. மறுபக்கம் ஒருத்தன் பெண்டாட்டியைக் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிற பாட்டு. தட்டின் நடுவில் பாடினவர் பேர் போட்டிருந்தது. நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் தட்டு சுற்றிவிடும்.

மூன்று நாடு சுற்றி யார் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இல்லை. மறுநாள் சாயங்காலமே என் வாசல் நிறைந்துவிட்டது. நண்டுச் சாறு ஒருத்தி கொண்டுவருவாள், அவித்த கிழங்கு ஒருத்தி கொண்டுவருவாள். சாவி கொடுப்பது தங்கச்சி வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். ஊசி தேய்ந்துபோய்க் கரகரவென்று சத்தம் வந்தபோது, அவளே காரைச் செடியிலிருந்து ஒரு முள்ளை ஒடித்துச் சீவி, ஊசி இருந்த துளையில் செருகித் திருகாணியை முடுக்கினாள். சத்தம் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. ஆனால் கரகரப்பு போய்விட்டது.

"முள்ளு கூடப் பாடுதுங்கண்ணா," என்றாள்.

"உன்ற கையில குடுத்தா ஒலக்கை கூடப் பாடும் கண்ணு," என்றேன்.

ஊர்க்கவுண்டர் வாசலில் அவரும் அவருடைய மச்சினனும் மட்டும் உட்கார்ந்து புலியைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் தங்கச்சிக்கு நிச்சயம் பேசக் குண்டனி நாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. நல்ல குடும்பம். நீர் வற்றாத வயல் இருக்கிறவர்கள். தாயில்லாத பெண்ணை அப்படி ஒரு வீட்டில் கொடுப்பதற்காகத்தான் நான் அத்தனை மூட்டை தூக்கினேன். அவளுக்கும் அந்தப் பையன் மேல் மனசு இருந்தது என்பது எனக்குத் தெரியும். பேர் எடுத்தாலே அடுப்பை ஊதப் போய்விடுவாள்.

நிச்சயத்துக்கு வெல்லமும் துணியும் வாங்க அடிவாரத்துக்குப் போனேன். ஊர்க்கவுண்டரின் மச்சினனும் உப்பு வாங்கக் கூட வந்தான். ராவுத்தர் எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தெரியுங்களா தம்பி, உங்க தட்டுல பாடறாரே, அவரு மவுத்தாயிட்டாராம். பட்டணத்துலருந்து வந்த சரக்குக்காரரு சொன்னாரு. என்னா குரலு, பாவம்."

நானும் பாவம் என்றேன். மச்சினன் மோரைக் குடித்து முடிக்காமலே கிளம்பிவிட்டான். நான் அப்போதே யோசித்திருந்தால் அவன் காலை உடைத்திருப்பேன்.

நான் மலையேறி வந்த அன்று சாயங்காலம் என் வாசலுக்கு ஒரு ஆள் வரவில்லை. தங்கச்சி தட்டைப் போட்டாள். எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரன் உள்ளேயிருந்தே பேசினான்.

"செத்தவன் பாடறானாமுங்க. எழவு ஊட்டு வாசலுக்கு வந்தா நாங்க தலை முழுகோணுமுங்க."

"நேத்து வரைக்கும் வந்து கெழங்கு தின்னியே."

"நேத்து எங்களுக்குத் தெரியாதுங்களே."

எங்கள் வழக்கம் இதுதான்: சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடிகிறவரைக்கும் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். சரி. சாவு விழுந்தது எங்கேயோ பட்டணத்தில். என் வீட்டில் விழுந்தது தட்டின் மேல் முள்தான். இதை ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டு, "பாக்கலாம்," என்றார்.

குண்டனி நாட்டார் வந்தார்கள். மலைப்பாதை முக்கிலேயே மச்சினன் காத்திருந்து சொல்லிவிட்டிருக்கிறான். பையனின் அம்மா என் வாசலுக்கு வெளியே வேலியோரம் நின்றுகொண்டாள். தங்கச்சி புதுப்புடவை கட்டிக்கொண்டு செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். அந்த அம்மா செம்பையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

"புள்ளையைக் கொறை சொல்லுலீங்க," என்றாள் என்னிடம். "தீட்டுக் கழியாத ஊட்ல தண்ணி குடிச்சுச் சம்பந்தம் பேசுனா நாளைக்கு ஒண்ணுன்னா ஆருங்க பொறுப்பு? கழிச்சுட்டுச் சொல்லி உடுங்க. ரொம்ப நாளு நாங்களும் காத்திருக்க மாட்டமுங்க."

தங்கச்சி நீட்டின செம்போடு நின்றாள். பிறகு அந்தத் தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அந்தச் செடியை நான் மறுநாளே பிடுங்கிப் போட்டேன். செடி என்ன செய்யும், ஆனால் எனக்கு ஆத்திரம்.

ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்தார். வெகு நாளைக்குப் பிறகு அவர் வாசலில் கூட்டம், முகத்தில் அவ்வளவு களை.

"தட்டைப் பொதைச்சுப்போடு. கருமாதி பண்ணு. ஊட்டுக்குப் பெரியவன் மீசையெடுத்துத் தலை முழுவு. தீட்டுப் போயிரும்," என்றார்.

"ஏனுங்க, அவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குமுங்க. செய்யற கடனை அவிங்க செய்வாங்க. நான் எதுக்குங்க மீசையெடுக்கோணும்?"

"ஒடம்பு அவிங்ககிட்ட இருக்குது. ஒடம்புக்கு அவிங்க செய்வாங்க. கொரலு உன்ற ஊட்லயல்ல இருக்குது? கொரலுக்கு ஆருப்பா செய்யறது?"

இத்தனை வருஷமாக இதற்குப் பதில் யோசிக்கிறேன். எனக்கு அகப்படவில்லை. அதுதான் ஆத்திரத்திலெல்லாம் பெரிய ஆத்திரம்.

கூட்டத்தில் ஒருத்தன், "கருமாதிக்கு வடை உண்டுங்களா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு மலையிறங்கிப் போய்விடுகிறேன், இந்த ஊரும் வேண்டாம், குண்டனி நாட்டுச் சம்பந்தமும் வேண்டாம் என்று கத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தங்கச்சி தட்டைத் துண்டில் சுற்றி வைத்திருந்தாள். நான் முதலில் கொண்டுவந்த அதே துண்டு.

"மீசை மொளைக்குமுங்கண்ணா," என்றாள்.

"தட்டு மொளைக்குமா?"

"ரெண்டு பக்கமும் எனக்குப் பாடமாயிருச்சு. தட்டு போனாப் போவுது." கொஞ்சம் நின்று, "அவிங்க மறுக்கா வரமாட்டாங்க போலிருக்குது," என்றாள்.

அந்தப் பெண் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். அதையும் கேட்கிற மாதிரி கேட்கவில்லை.

கருமாதி செய்தேன். ஓடைக் கரையில் குழி தோண்டித் தட்டை வைத்தார்கள். ஊர்க்கவுண்டர் முதல் மண்ணைப் போட்டார். முகத்தை எப்படித்தான் அப்படி வைத்துக்கொண்டாரோ, சொந்த அண்ணன் செத்த மாதிரி. என்னைக் கல்லின் மேல் உட்காரவைத்து மீசையை வழித்தார்கள். கீழே விழுந்ததை நான் பார்க்கவில்லை. ஓடையில் முழுகி எழுந்தபோது நண்டு ஒன்று காலைக் கடித்தது. அதையும் ஊர்க்கவுண்டர் கணக்கில்தான் எழுதினேன். வடை கேட்டவன் வடை தின்றான்.

குண்டனி நாட்டார் திரும்ப வந்தார்கள். அந்த அம்மா செம்பு முழுவதையும் குடித்தாள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. மீசை இல்லாமல் மேல்துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றேன். என்னைத் தாண்டிப் போய் உள்ளே என்னைத் தேடினவர்களும் உண்டு.

ஆனி மாதம் உப்புக்காக அடிவாரத்துக்குப் போனேன். ராவுத்தர் என் முகத்தைப் பார்த்துத் திகைத்து, "என்னா தம்பி, ஊட்ல ஆருக்கு என்னா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"அல்லா. அவரு நல்லாத்தான் இருக்காரு. போனது அவரு இல்லியாம், அவருகூட ஆர்மோனியம் வாசிக்கறவராம். போன வாரந்தான் சரக்குக்காரரு மாத்திச் சொன்னாரு."

நான் உப்பை வாங்கவில்லை. அந்த வெயிலில் நிற்காமல் மலையேறி நேரே ஊர்க்கவுண்டர் வாசலுக்குப் போனேன். அவர் பழைய கூட்டத்துக்கு நடுவில் புலிக் கதையில் இருந்தார்.

"உசுரோட இருக்கற மனுசனுக்குக் கருமாதி பண்ண வெச்சுட்டீங்களேங்க," என்றேன். எனக்கு மூச்சு இரைத்தது.

அவர் பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அப்பிடியா? செத்தான்னு பேச்சு வந்தா ஆயுசு கூடும்பாங்க. கருமாதியே பண்ணியாச்சு, இன்னும் எத்தனை வருசம் இருப்பானோ. புண்ணியம் உனக்குத்தான், உக்காரு," என்றார்.

ஊரே சிரித்தது. நான் உட்காரவில்லை. அதற்குப் பிறகு அவர் சாகிறவரைக்கும் அந்த வாசலில் நான் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கே ஓடைக்குப் போய்த் தோண்டிப் பார்த்தேன். ஊர்க்கவுண்டர் போட்ட முதல் மண்ணில் ஒரு கல் இருந்திருக்கிறது. தட்டு மூன்று துண்டாகக் கிடந்தது.

ஆவணியில் ஒரு சுமை வாழைப்பழத்தோடு தங்கச்சியைப் பார்க்கக் குண்டனி நாட்டுக்குப் போனேன். மீசை பாதி வளர்ந்திருந்தது. அவளும் மாமியாரும் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் முறத்தை வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

"உங்க தங்கச்சி பாட்டுக்காரிங்க," என்றாள். "வேலை செய்யற அலுப்பே எங்களுக்குத் தெரியறதில்லீங்க. பக்கத்து ஊட்டுக்காரியளும் வந்து உக்காந்துக்கறாங்க. ஏ கண்ணு, அந்த முருகன் பாட்டைப் பாடு, உங்கண்ணனும் கேக்கட்டும்."

தங்கச்சி முறத்தைத் தட்டிக்கொண்டே பாடினாள். அதே பாட்டு. தட்டில் மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினாள். முள் சற்றே இடறுகிற ஒரு இடம் உண்டு, அங்கே அவளும் இடறினாள். மாமியார் கண்ணை மூடித் தலையை ஆட்டினாள். வேலியோரம் நின்று தண்ணீர் வேண்டாம் என்ற அதே தலை. இது அந்தத் தட்டுப் பாட்டுதான் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. தங்கச்சி பாட்டை நிறுத்தாமலே என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஆரு பாட்டுங்க இது?" என்றாள் மாமியார்.

"கீழ ஒருத்தரு பாடறதுங்க."

"மகராசன் நல்லா இருக்கோணும்."

"நல்லாத்தானுங்க இருக்காரு," என்றேன்.

தங்கச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்தேன். மீசை நனைகிற அளவுக்கு இன்னும் வளர்ந்திருக்கவில்லை.