நரம்பு என்று சொன்னது

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில் உதவியாளனாக இருந்தேன். அன்று காலை ஏழே காலுக்குக் காசிமேட்டு மீனவர் ஒருவரைக் கைவண்டியில் கொண்டுவந்தார்கள். கரையேறும்போது அலை கட்டுமரத்தைப் புரட்டியதில், அங்கே கிடந்த இரும்புத் தகடு அவருடைய முழங்காலின் பின்புறத்தை அறுத்திருந்தது. கூட வந்தவர்கள் தொடையைத் துண்டால் இறுக்கியிருந்தார்கள். பாதம் வெளுத்துச் சில்லிட்டிருந்தது.

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இரண்டு விரற்கடைக்கு நைந்துவிட்டது என்றார் சர்ஜன். அதை நூலால் கட்டி அடைத்துவிடுவதுதான் அதுவரை வழக்கம். உயிர் நிற்கும், கால் பெரும்பாலும் நிற்காது. முழங்காலை மடக்கி இரு முனைகளையும் இழுத்துச் சேர்த்துத் தைக்கலாம். காலை நீட்டும் நாளில் தையல் விட்டுப்போகலாம். மூன்றாவது வழி, நல்ல காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து இடைவெளியில் வைத்துத் தைப்பது. சர்ஜனுக்கு இதில்தான் மனம். நண்பகல் தாண்டினால் எதுவும் உதவாது, சம்மதம் வாங்கி வா என்றார்.

"அந்த நல்ல காலிலிருந்து ஒரு நரம்பு எடுக்கணும்" என்றேன் மீனவரிடம். சிரை என்றால் புரியாது என்று நானாக மாற்றிய சொல்.

"நரம்ப எடுத்தா அந்தக் காலும் இஸ்துக்கும், சார். ஒண்ணு போனா போவட்டும். ரெண்டும் போனா இன்னா பண்றது?"

மீனவர்களுக்கு நரம்பு என்றால் காலின் வலுவே அதுதான். அந்த ஒரு சொல்லில் இருபது நிமிடம் போயிற்று. கடைசியில் காற்சட்டையைச் சுருட்டி, என் கணுக்காலில் ஓடும் பச்சைக் கோட்டைக் காட்டினேன். ரத்தம் திரும்பி வரும் குழாய் இது, இது போனாலும் வேறு குழாய்கள் உண்டு, கால் நடக்கும் என்றேன். அவர் அசையவில்லை. மீன்கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்த அவர் மனைவிதான் பேசினார்.

"யோவ், வலை பெருசா கிழிஞ்சா ரெண்டு பக்கமும் இஸ்து முடிச்சா போடுவே? துண்டு வச்சுத்தானே பின்னுவே? காலுக்கு மட்டும் இன்னாய்யா பேஜாரு?"

அவர் என் கணுக்காலை மறுபடி பார்த்தார். "நல்ல துண்டா பாத்து எடுங்க" என்று கைநாட்டு வைக்கப் பெருவிரலை நீட்டினார்.

எடுத்த சிரையின் கீழ்முனையில் அடையாளத்துக்குக் கறுப்பு நூல் கட்டியது நான். சிரையினுள்ளே ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள் உண்டு. தலைகீழாகத் திருப்பித் தைக்காவிட்டால் ரத்தம் போகாது. பதினொன்று ஐம்பதுக்கு, ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கவ்விகளை எடுத்தார்கள்.

மாலையில் மனைவி அடிபட்ட காலின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். "சூடா கீது" என்றார். பிறகு மற்றக் காலின் போர்வையை விலக்கினார்.

"இதுல நரம்பு கீதான்னு பாக்கணும். ஆட்டு."

ஐந்து விரல்களும் அசைந்தன.