ரெண்டு காசில் ஒரே கீறல்

கண்ணாடி லென்ஸ் தேய்த்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். இருபத்தாறு வருஷமாக அதே அறை, அதே மெஷின். ஆனால் கடை வாசலில் வந்து நிற்பவர்களில் பாதிப் பேருக்குப் பார்வையில் ஒரு கோளாறும் கிடையாது, கோளாறெல்லாம் புத்தியில். 'அபூர்வ நாணயம்' என்று எவனோ ஆன்லைனில் போட்ட படத்தைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, பொட்டலமும் கையுமாக வந்து, லென்ஸக்கா ஒரு நிமிஷம் பாருங்களேன் என்பார்கள். பார்த்துப் போலி என்று சொன்னால் விற்றவன் மேல் கோபம் வராது, இவள் மேல்தான் வரும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் இன்னொரு பொட்டலத்தோடு அவர்களே வருவார்கள்.

இந்தக் கூட்டத்தில் முதல் ஆள் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. லிஃப்ட் மெக்கானிக். வேலை என்று வந்துவிட்டால் ஒரு நட்டு போல்ட்டைக்கூட நம்ப மாட்டான், நாலு தடவை முறுக்கிப் பார்ப்பான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவன், பழைய பெட்டியில் கிடைத்தது சார் என்று எழுதிவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவான். எத்தனை தடவை பட்டாலும் அவனுக்கு உறைக்காது. இவளுக்குத்தான் மண்டை காயும்.

ஒவ்வொருத்தருக்காகச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போய்த்தான் அவள் இணையத்தில் எழுத ஆரம்பித்தாள். நாணய ஆலையில் அச்சடித்த காசில் எழுத்தின் ஓரம் கூராக இருக்கும், உருக்கி ஊற்றியதில் பாதி கரைந்த சோப்பு மாதிரி மழுங்கி இருக்கும் என்று எழுதினாள். விளிம்பைச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு ஓடினால் அது வார்ப்பின், அதாவது உருக்கி ஊற்றுகிற அச்சின், ரெண்டு பாதியும் சேர்ந்த இடம் என்று எழுதினாள். காசு சேர்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் படித்தார்கள். போலி செய்கிறவனும் உட்கார்ந்து படித்திருக்கிறான்! விளிம்பைப் பற்றி எழுதிய மூன்றாம் மாதம் கோடே இல்லாத போலி வந்தது. எடையைப் பற்றி எழுதினாள், எடை அப்பழுக்கில்லாத போலி வந்தது. திருட்டுப் பயல்களுக்கு ஓசியில் டியூஷன் எடுத்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த எரிச்சலில்தான், இனி எவனும் தப்பிக்க முடியாதபடி ஒன்று எழுதினாள். பல கை மாறிப் புழங்கிய ரெண்டு காசுகளில் அடி ஒரே இடத்தில், ஒரே மாதிரி படவே படாது. ஆனால் வார்ப்பில் ஒரு கீறல் இருந்தால் அதில் ஊற்றுகிற காசு அத்தனையிலும் அதே கீறல் விழும். ஆகவே, ரெண்டு காசில் ஒரே கீறல் இருந்தால் ரெண்டுமே போலி, விற்கிறவர் என்ன கதை சொன்னாலும் காதில் வாங்காதீர்கள் என்று அடித்து எழுதினாள். அந்த வரியை இன்றைக்கும் பலபேர் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இந்த நிலைமையில் கட்டட ஓனர் கடை அறையை விற்கப்போவதாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் அவள் வாங்கிக்கொண்டால் அவளுக்கு, இல்லாவிட்டால் பக்கத்து மருந்துக்கடைக்காரருக்கு. அவளுக்கு இருந்த ஒரே வழி கப்பல் காசு. பாய்மரக் கப்பல் பொறித்த வெள்ளிக் காசு அது. வேலைக்குப் போன புதிதில், அருமை தெரியாத ஒரு பழைய சாமான் கடைக்காரரிடம் வாங்கியது. உலகத்திலேயே பத்துப் பதினைந்துதான் மிச்சம் என்று பிறகுதான் தெரிந்தது. விற்க மனசு வரவில்லை, ஆனால் காசா கடையா என்றால் கடைதான். அவள் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிக்கிற ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். சனிக்கிழமை வருவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை தம்பி வந்தான், வாயெல்லாம் பல்லாக. அக்கா காசை விற்கிறாளே என்று இவனுக்கு மனசு தாங்கவில்லையாம், அதே மாதிரி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டானாம். பொட்டலத்தைப் பிரித்தான். கப்பல் காசு. லென்ஸை வைத்துப் பார்த்தாள். கப்பல் பாயின் கீழ் ஓரத்தில், நகம் பட்ட மாதிரி வளைந்த ஒரு கீறல். தன்னுடைய காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே இடம், அதே வளைவு. அவள் எழுதிய வரிப்படி ரெண்டுமே போலி.

துருவித் துருவிக் கேட்ட பிறகு கக்கினான். போன வருஷம் அவள் பிறந்தநாளுக்கு அந்தக் காசை வைக்கக் கண்ணாடிப் பேழை ஒன்று செய்து கொடுக்கலாம் என்று நினைத்தானாம். ஆன்லைனில் பழக்கமான ஒரு ஆள், அளவு எடுக்க அந்தக் கப்பல் காசே வேண்டும் என்றானாம். அவள் வெளியூர் போயிருந்த ரெண்டு நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கி வைத்தானாம். வந்தது அவளுடைய காசேதான். எடை, விளிம்பு, எழுத்தின் கூர் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள், துளி சந்தேகம் இல்லை. அந்த ஆள் அளவு எடுக்கவில்லை, வார்ப்பு எடுத்திருக்கிறான். பேழை என்னடா ஆச்சு என்று கேட்டாள். வரவே இல்லையாம், கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

சனிக்கிழமை சொன்ன நேரத்துக்கு சர்வேயர் வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். நாலு கப்பல் காசுகள், நாலு பேர் விற்கிறார்கள், நாலிலும் அந்தக் கீறல். அவள் ஒளிக்கவில்லை. தம்பியின் கூத்தை ஆதியோடந்தமாகச் சொன்னாள், அவன் வாங்கிய போலியையும் எடுத்து வைத்து எழுத்தோரத்தைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்தார். அவர் கண்ணுக்கு ரெண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. என்ன கதை சொன்னாலும் காதுல வாங்காதேன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க" என்றார்.

"வார்ப்பு எடுக்க ஒரு நல்ல காசு வேணும்ல சார்? அந்த ஒண்ணு இதுதான்."

"அதை நீங்க எழுதலையேம்மா."

எழுதவில்லைதான். போலிகளுக்கெல்லாம் மூலமாக ஒரு நல்ல காசு எங்கேயோ இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? அது யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் ஒரு பாவமும் அறியாமல் இருக்கும் என்றுதான் தோன்றவில்லை. போலிக்காரன் மேல் இருந்த ஆத்திரத்தில் எழுதிய வரி. லேபுக்கு அனுப்பலாம், நாலு மாதம் ஆகும், நல்லதென்று வந்தால் அதே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார் சர்வேயர். நியாயமான பேச்சுதான். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

தம்பிக்கு உடனே யோசனை வந்துவிட்டது. ரெண்டில் ஒன்று நல்லதாகவும் இருக்கலாம் என்று இப்போதே எழுது, நீ எழுதினால் அவர் நம்புவார் என்று நச்சரித்தான். அவளும் எழுதினாள். உண்மைதானே, அதில் ஒரு பொய்யும் இல்லை. போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். நாளைக் காலையில் அந்த நாலு பேரும் இந்த வரியைத்தான் தங்கள் படத்துக்குக் கீழே ஒட்டுவார்கள். லென்ஸக்காவே சொல்லிவிட்டார், அந்த நல்ல காசு எங்களுடையதுதான் என்பார்கள். அவளை நம்பி அத்தனை பேரும் வாங்குவார்கள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவும் இல்லை.

"அப்போ கடை என்னாகும்க்கா?" என்றான் தம்பி.

"கடை போச்சு. உன் வீட்டு முன்னறையில வாங்கி வாங்கி அடைச்சு வெச்சிருக்கியே, அதையெல்லாம் காலி பண்ணு. இனிமே என் மெஷின் அங்கதான். உன் பொண்டாட்டிகிட்ட நானே பேசிக்கிறேன்."

அவன் ஸ்பேனரை எடுத்து வந்து, தரையோடு மெஷினைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்ற உட்கார்ந்தான். இருபத்தாறு வருஷத் துரு, லேசில் அசையவில்லை.