கடைசியாக வந்த குதிரை

பயந்த குழந்தையை வளர்ப்பது கடினமா, பயமே அறியாத குழந்தையை வளர்ப்பது கடினமா? ஒரே மகளிடம் இரண்டையும் பார்த்துவிட்டேன். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் வீடு விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில். ரயில் கூவினால் என் மகள் அலறுவாள். வாசலில் அந்நியர் செருப்புச் சத்தம் கேட்டால் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். மூன்று வயது முடிந்தும் என் முந்தானையை விடவில்லை. டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். திருவாமாத்தூர் கோயிலில் வேண்டிக்கொண்டோம். பள்ளிவாசலில் ஓதி ஊதினார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். இவற்றில் எதையும் முழுதாக நம்பவில்லை, எதையும் விடவும் துணியவில்லை. இப்படியே இருந்தால் பள்ளிக்கூடத்தில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் என் கவலை.

அந்தச் சித்திரையில் திண்டிவனத்திலிருந்து என் நாத்தனார் சொல்லி அனுப்பினார். அவர் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, வற்றிய ஏரியில் குதிரைப் பந்தயம். ஜெயித்த குதிரையின் வயிற்றுக்கு அடியில் குழந்தையை மூன்று முறை நுழைத்து எடுத்தால் பயம் தெளியுமாம். காலை பாசஞ்சரில் போனோம்.

பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ஏரிக்குள் வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு. ஓரத்தில் மூங்கில் நட்டுக் கட்டிய கயிறு. ஓடியவை மற்ற நாளில் ஜட்கா இழுக்கும் மட்டக்குதிரைகள். வண்டியை அவிழ்த்துவிட்டு, முதுகில் சாக்கைக் கட்டி, வண்டிக்காரர்களே ஏறி ஓட்டினார்கள். எங்கும் புழுதியும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வேகும் வாசனையும். மகள் என் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் குதிரைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெயித்தது ஒரு செவலைக் குதிரை. மாலை போட வந்தவரை உதறித் தள்ளியது. பின்னங்கால் தரையில் நிற்கவில்லை.

"வா, ஜல்தியா! கூட்டம் சேர்றதுக்குள்ள நுழைச்சிடலாம்" என்றார் நாத்தனார்.

"அண்ணி, அது உதைக்குதே."

"உதைக்கிறதுதான் பயத்தைத் தொரத்தும். படிச்சவ மாதிரி யோசிச்சிக்கினே நிக்காத."

கணவரைப் பார்த்தேன். மல்லாட்டை உரித்துக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றார். முடிவெடுக்க வேண்டிய சமயங்களில் அவர் சொல்வது அதுதான்.

மறுத்தால் நாத்தனார் மனம் நோகும். சம்மதித்தால் குழந்தைக்கு என்ன ஆகுமோ. நடுவாக ஒன்று சொன்னேன். கடைசியில் வந்த குதிரை சாதுவாக நிற்கிறது, அதன் அடியில் நுழைக்கலாமே என்றேன்.

"தோத்த குதிரையா? நல்லா கீது போ! புள்ள எல்லாத்துலயும் கடைசியா வரணும்னு வேண்டுதலா?"

அந்தக் குதிரைக்காரர், ஒரு பாய், திரும்பிப் பார்த்தார். "யாரும்மா தோத்தது? என் குதிரை எப்பவும் போலத்தான் வந்திச்சு. மத்ததுங்கதான் அவசரப்பட்டுப் பூடுச்சுங்க."

நாத்தனாரே சிரித்துவிட்டார். சரி என்றார்.

பாய் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். நான் இந்தப் பக்கமிருந்து கொடுக்க, நாத்தனார் குனிந்து அந்தப் பக்கம் வாங்கினார். முதல் முறை மகள் வீறிட்டாள். இரண்டாம் முறை சத்தமில்லை. மூன்றாம் முறை கையை உயர்த்திக் குதிரையின் வயிற்றைத் தொட்டாள். வியர்வை பட்ட விரல்களை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள். அந்நியர் எதிரில் அவள் வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது ரயில் கூவினால் ஜன்னலுக்கு ஓடுகிறாள். பள்ளியில் சேர்த்த அன்று அழவில்லை. டானிக்கா, வயதா, குதிரையா, எனக்குத் தெரியாது. நாத்தனாருக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பள்ளிக்குப் போகும் வழியில் ஜட்கா ஸ்டாண்டு இருக்கிறது. என் கையை உதறிவிட்டு, எந்தக் குதிரை நின்றாலும் அதன் வயிற்றடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய் நின்று சிரிக்கிறாள். விடுமுறைக்கு முன்னால் ஒரு குதிரை காலைத் தூக்கிவிட்டது. வண்டிக்காரர் பாவாடையைப் பிடித்து இழுத்ததால் தப்பினாள்.

"குதிரை உதைக்கும்டி" என்றேன்.

"நீதானேம்மா என்னை நுழைச்ச?"

மிரட்டலாம் என்றால் மனம் வரவில்லை. மிரட்டினால் பழைய அலறலும் சேர்ந்து திரும்பிவிடுமோ என்று தோன்றுகிறது. தெளிந்த பிள்ளையைக் கெடுக்காதே என்கிறார் நாத்தனார். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். ரயிலுக்கும் மனிதர்களுக்கும் பயப்படாமல், குதிரையின் காலுக்கு மட்டும் பயப்படும்படி ஒரு குழந்தைக்குச் சொல்லித்தர வழி இருக்கிறதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எழுதுங்கள். பள்ளி திறப்பதற்குள் தெரிந்தால் நல்லது.