ஆடியில் வந்த மணியார்டர்

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு விதவை உதவித்தொகை மணியார்டரில் வந்தது. திருக்கழுக்குன்றத்தில் வீடு தேடியபோது அம்மா காற்றையோ வெளிச்சத்தையோ பார்க்கவில்லை. வாடகை அந்தத் தொகைக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்தார். பின்கட்டில் ஒற்றை அறை கிடைத்தது. முன்கட்டில் வீட்டுக்கார அம்மாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை தொடர்ந்து நான்கு மாதம் பணம் வரவில்லை. தாலுகா ஆபீசில் கேட்டால், "மேலேர்ந்து வரல" என்றார்கள். ஆனி கடைசி நாள் வீட்டுக்கார அம்மாள் எங்கள் கதவருகே வந்து நின்றார்.

"நாளைக்கே வூட்ட காலி பண்ணு."

"நாளைக்கி ஆடி பொறக்குதுக்கா. ஆடில எவளாச்சும் வூடு மாறுவாளா? உனுக்கும் வேற ஆளு குடிவராது."

வீட்டுக்கார அம்மாள் யோசித்தார். ஆடியில் பூட்டிய வீட்டுக்கு வாடகை வராது. பூட்டாத வீட்டிலிருந்தும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

"ஆவணி ஒண்ணாந்தேதி ஒரு நிமிசம் இருக்கக்கூடாது, சொல்ட்டேன்."

எங்களிடம் சொன்னதோடு நிற்கவில்லை. பால்காரர், பூக்காரி எல்லோரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் மனதில் நாங்கள் போயே விட்டோம். ஆடி நடுவில் ஒரு நாள் நான் செங்கல்பட்டில் கல்லூரியில் இருந்தேன், அம்மா வேலைக்குப் போயிருந்தார். தபால்காரர் எங்களைக் கேட்டு வந்தார்.

"அவங்களா? காலி பண்ணிட்டாங்கன்னே வெச்சிக்கோ" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

தபால்காரர் அப்படியே வைத்துக்கொண்டார். மறுநாள் அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்துக் கடிந்துகொண்டார்.

"வூடு மாறுனா அட்ரஸ் குடுக்க வாணாமா? நாலு மாச மணியார்டரும் திரும்பிப் போவுது."

அம்மா கத்தவில்லை. நேரே முன்கட்டுக்குப் போனார்.

"அக்கா, உன் நாலு மாச வாடகைய நீயே திருப்பி அனுப்பிட்டியாமே."

வீட்டுக்கார அம்மாள் செருப்புகூடப் போடாமல் தபால் ஆபீசுக்கு நடந்தார். அம்மாவும் அன்று விடுமுறையில் வீட்டிலிருந்த நானும் பின்னால் ஓடினோம். சாயங்காலம் தபால் பை போய்விடும், அதற்குள் வீட்டுச் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால் பணம் தரலாம் என்றார் போஸ்ட் மாஸ்டர்.

"எழுதுடி" என்று வீட்டுக்கார அம்மாள் என் கையில் பேனாவைத் திணித்தார். "மேற்படியார் என் வீட்டில்தான் குடியிருக்கிறார்" என்று எழுதினேன்.

"அத்தோட நிறுத்தாத. இனிமேலும் இருப்பாங்கன்னு போடு."

போட்டேன். கையெழுத்திட்டார். பணம் அம்மா கைக்கு வந்து, அந்த மேசையிலேயே வீட்டுக்கார அம்மாள் கைக்குப் போயிற்று.

ஆவணி ஒன்றாம் தேதி யாரும் எதையும் நினைவூட்டவில்லை. அதன்பின் சைக்கிள் மணி கேட்டாலே முன்கட்டிலிருந்து குரல் முந்திக்கொள்ளும்:

"உள்ளதான் கீறாங்க! போ, போ!"